முகப்பூச்சுக்குப் போகும் வல்லாரை: வாங்குபவரைப் பார்த்த பிறகே நடவு

வாய்க்கால் கரையிலும், கிணற்று மேட்டில் தண்ணீர் கசியும் இடத்திலும், தென்னம்பாத்தியின் ஓரத்திலும் தானாகப் படர்ந்து கிடக்கும் வல்லாரையைக் கொங்கு நாட்டு விவசாயிகளில் பெரும்பாலோர் ஒரு பயிராக எண்ணியதில்லை. வீட்டுக்குத் துவையல் அரைக்க ஒரு கைப்பிடி பறிப்பார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஞாபக சக்தி வளரும் என்று கொடுப்பார்கள். களை வெட்டும்போது மண்வெட்டியால் கொத்தி எறிந்துவிடுவார்கள். அத்துடன் அதன் கதை முடிந்துவிடும்.

இன்று கோவையில் அழகுப் பொருட்கள் விற்கும் எந்தப் பெரிய கடைக்குள் சென்றாலும், தென்கொரியாவிலிருந்து வரும் முகப்பூச்சுக் குப்பிகளில் 'சென்டெல்லா' என்றும், 'சிக்கா' என்றும் அச்சிட்டிருப்பதைக் காணலாம். சென்டெல்லா ஆசியாட்டிகா என்பது வல்லாரையின் தாவரவியல் பெயர். நாம் கொத்தி எறியும் அதே செடிதான் கொரியாக்காரர்களின் முகப்பூச்சில் முதன்மைச் சரக்காக இருக்கிறது.

இதைக் கேட்டதும் விவசாயிக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: வல்லாரையை நட்டால் காசு வருமா? வரலாம். ஆனால் முகப்பூச்சுக் கம்பெனி எதை வாங்குகிறது, எதை வாங்காது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே ஒரு கொடியையாவது மண்ணில் வைக்கவேண்டும்.

கொரியர்களின் அஞ்சறைப் பெட்டி

கொரியர்கள் முகப்பூச்சில் சேர்க்கும் பொருட்களில் பல நமக்குப் புதியவை அல்ல. அக்காலத்தில் அந்நாட்டுப் பெண்கள் பயறு வகைகளை அரைத்த மாவைத் தேய்த்து முகம் கழுவினார்கள். நம் வீடுகளிலும் பாசிப்பயறு மாவு இதற்கே பயன்பட்டது. அரிசி கழுவிய நீரையும் அவர்கள் முகத்திற்குப் பயன்படுத்தினார்கள். அதிமதுரம் இரு நாட்டு மருந்துப் பெட்டியிலும் உண்டு. அவர்கள் 'சுக்' என்று அழைக்கும் செடி, நம் பூக்கடைகளில் விற்கும் மருக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்தது. ஹோ ஜுன் என்ற அரண்மனை மருத்துவர் 1610-ஆம் ஆண்டில் எழுதி முடித்து, 1613-இல் அச்சான 'தோங்குயி போகம்' என்ற மருத்துவ நூல் இன்றும் அந்நாட்டில் போற்றப்படுகிறது. 2009-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

பாட்டி வைத்தியம் நம்மிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டி வைத்தியத்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோன விதத்தில் அவர்கள் முந்திக்கொண்டார்கள். ஜின்செங் என்ற கிழங்கை எடுத்துக்கொள்வோம். இது கொரியாவின் தலையாய மூலிகை. இந்தக் கிழங்கின் சாரத்தைச் சேர்த்து, இன்று அமோர்பசிபிக் என்று அழைக்கப்படும் நிறுவனம் 1966-ஆம் ஆண்டிலேயே ஒரு முகப்பூச்சை வெளியிட்டது. 1997-இல் மூலிகைகளை அடிப்படையாகக் கொண்ட 'சுல்வாசு' என்ற வரிசை வந்தது. ஜின்செங் பயிரிடும் கொரிய விவசாயி, கிழங்கை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் வரை மண்ணில் விட்டு வைக்கிறார். ஆறாண்டுக் கிழங்குக்குத் தனி மதிப்பு. கிழங்கின் வயதையும் தரத்தையும் பார்த்தே விலை பேசப்படுகிறது. எடை அதற்குப் பிறகுதான்.

இலைக்குள் இருக்கும் சரக்கு

வல்லாரைக்கு வருவோம். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகாஸ்கர் தீவில் வளர்ந்த வல்லாரையிலிருந்து 1941-ஆம் ஆண்டில் ஆசியாட்டிகோசைடு என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் மடகாசோசைடு, ஆசியாட்டிக் அமிலம், மடகாசிக் அமிலம் ஆகியவையும் கண்டறியப்பட்டன. இந்த நான்கும் சேர்ந்ததுதான் வல்லாரையின் சரக்கு. காயம்பட்ட தோல் மீண்டும் கூடுவதற்குத் தேவையான கொல்லாஜன் என்ற புரதம் உண்டாவதை இவை தூண்டுகின்றன. இவற்றைக் கொண்டு பிரான்ஸ் நாட்டில் புண்ணுக்குப் போடும் களிம்பு செய்தார்கள். அந்தக் களிம்பு 1970-களிலிருந்து தென்கொரியாவில் வீட்டுக்கு வீடு இருக்கும் மருந்தாகிவிட்டது. அதை அங்கே விற்றுவந்த டோங்குக் என்ற மருந்து நிறுவனமே 2015-இல் வல்லாரைச் சாரம் சேர்த்த முகப்பூச்சு வரிசையையும் தொடங்கியது. காயம்பட்ட புலி இந்தச் செடியின் மேல் புரண்டு புண்ணை ஆற்றிக்கொள்ளும் என்ற கதையினால் இதற்குப் 'புலிப்புல்' என்ற பெயரும் உண்டு.

தென்கொரியாவில் பனிக்காலம் கடுமையானது. தென்கோடியில் உள்ள ஜெஜு தீவு போன்ற இதமான பகுதிகளில்தான் வல்லாரை இயற்கையாக வளர்கிறது. ஆகவே வெளிநாடுகளிலிருந்தும் சரக்கை வரவழைக்கிறார்கள். இதில் மடகாஸ்கர் வல்லாரைக்கே முதலிடம். அதன் இலையில் மேற்சொன்ன நான்கு பொருட்களும் கூடுதலாக இருப்பதே காரணம். ஐரோப்பிய மருந்து நூலின்படி, மருந்துக்குரிய உலர்ந்த வல்லாரையில் இந்த வகைப் பொருட்கள் எல்லாம் சேர்ந்து 6 சதவீதத்திற்குக் குறையாமல் இருக்கவேண்டும். நம் நாட்டு வல்லாரையில் இந்த அளவு வகைக்கு வகையும், இடத்துக்கு இடமும், பருவத்துக்குப் பருவமும் மாறுகிறது. பல இடங்களில் மிகக் குறைவாகவும் இருக்கிறது.

கொழுப்புப் பார்த்துப் பால் வாங்குவதுபோல

பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் விவசாயிக்கு இதை விளக்கவேண்டியதில்லை. இரண்டு பேர் ஆளுக்கு 5 லிட்டர் ஊற்றினாலும் இருவருக்கும் ஒரே பணம் வருவதில்லை. கொழுப்புச் சத்தையும் இதர சத்துக்களையும் சோதித்துப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். மஞ்சளிலும் அப்படியே. குர்குமின் அதிகமுள்ள மஞ்சளைச் சாயத்துக்கும் மருந்துக்கும் வாங்குபவர்கள் தனி விலை தருகிறார்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், மூட்டைக்குள் இருக்கும் குர்குமின் அளவை அந்தச் சான்றிதழ் கூட்டிக் கொடுத்துவிடவில்லை.

வல்லாரையிலும் கம்பெனி வாங்குவது இலைக்குள் இருக்கும் ஆசியாட்டிகோசைடு வகைப் பொருட்களையே. 100 கிலோ இலையில் அந்தப் பொருள் இல்லையென்றால் அது சாறு பிழியும் ஆலைக்கு வெறும் வைக்கோல்தான். ஆகவே 'வல்லாரைக்குக் கொரியாவில் நல்ல கிராக்கி' என்ற செய்தி உண்மையாக இருந்தாலும், 'நம் தோட்டத்து வல்லாரைக்குக் கிராக்கி' என்று அதற்குப் பொருள் ஆகாது. அதைச் சொல்லக்கூடியது ஆய்வகச் சோதனை ஒன்றுதான்.

பெருந்துறை தந்த பாடம்

கொங்கு நாட்டில் இந்த எச்சரிக்கைக்குத் தனிக் காரணம் உண்டு. ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரில் பெருந்துறையிலும் சுற்றுப்புறங்களிலும் முளைத்த திட்டங்கள் 2012-இல் கவிழ்ந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். குஞ்சும் தீவனமும் நாங்களே தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம், வளர்ந்த பறவையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி முன்பணம் வாங்கினார்கள். ஈமு இறைச்சியை வாங்கிச் சாப்பிடுபவர் யார், எண்ணெயை வாங்குபவர் யார் என்று கேட்டவர்கள் சிலரே. கடைசியில் பறவைகள் பட்டினி கிடந்தன. பணம் போட்டவர்கள் கோர்ட்டுக்கு நடந்தார்கள்.

மூலிகைச் சாகுபடியிலும் இதே பாணியில் ஆட்கள் வருவதுண்டு. ஆனைமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு விவசாயியிடம் ஒருவர் வந்து இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: "அண்ணா, வல்லாரை நாத்து நாங்களே தர்றமுங்க. ஏக்கருக்கு முன்பணம் மட்டும் கட்டிருங்க. வெளைஞ்சதை நாங்களே வந்து எடுத்துக்கறமுங்க. எல்லாம் கொரியாவுக்குப் போகுதுங்க."

விவசாயி கேட்கவேண்டியது இது: "அதெல்லாம் சரி தம்பி. இலையில சரக்கு எத்தனை சதவீதம் இருக்கோணும், அதை எந்த லேப்ல சோதிப்பீங்க, கம்மியா இருந்தா என்ன விலை, இதையெல்லாம் எழுதித் தருவீங்களா?"

இந்தக் கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. உண்மையில் இலை தேவைப்படுபவர் சரக்கைச் சோதித்துப் பார்க்காமல் விலை சொல்லமாட்டார். சோதனையைப் பற்றிப் பேசாமல் முன்பணத்தைப் பற்றி மட்டும் பேசுபவருக்கு இலையில் அக்கறை இல்லை; நாற்று விற்பதே அவர் வியாபாரம்.

ஒப்பந்தம் போட்டுப் பயிர் செய்ய விரும்புவோர்க்குத் தமிழ்நாட்டில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே 2019-இல் மாநில அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தம் செய்யும்போதே விலையை நிர்ணயித்து, அரசு குறிப்பிடும் அலுவலரிடம் அதைப் பதிவு செய்துகொள்ள அதில் வழி உண்டு. 'பதிவு செய்யலாம், வாருங்கள்' என்று அழைத்தால் உண்மையான வியாபாரி வருவார்.

எங்கே பயிரிடலாம்?

வல்லாரைக்கு ஈரமும் நிழலும் வேண்டும். பாதி வெயில், பாதி நிழல் உள்ள இடம் மிகவும் ஏற்றது. முழு வெயிலில் இலை சிறுத்து மஞ்சளாகும். இருட்டு நிழலில் காம்பு நீண்டு இலை மெலிந்துபோகும். மக்கு நிறைந்த வண்டல் மண்ணிலும், ஈரம் தங்கும் செம்மண் கலந்த குறுமண்ணிலும் நன்றாக வளரும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பகுதிகளில் 25 அடி இடைவெளியில் நட்ட, வயது வந்த தென்னந்தோப்புகள் இதற்கு வாய்ப்பானவை. தண்ணீர் வசதியுள்ள பாக்குத் தோப்புகளிலும் பயிரிடலாம். பல்லடம், தாராபுரம் போன்ற வறண்ட பகுதிகளில் கிணற்றுத் தண்ணீரை இதற்காகச் செலவழிப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

தென்னந்தோப்பில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது முதல் தென்னையை வாட்டி வருகிறது. இந்த ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழே உள்ள ஊடுபயிர் இலைகளின் மேல் வடிந்து, அதில் கரும்பூஞ்சாணம் படர்கிறது. இப்படிக் கறுத்த வல்லாரை இலை கீரைக்கும் உதவாது, மருந்துக்கும் உதவாது. வெள்ளை ஈ தாக்கிய மரங்களின் அடியில் வல்லாரையை நடவேண்டாம். தென்னைக்குத் தெளிக்கும் பூச்சி மருந்து கீழே விழும் தோப்புகளுக்கும் இது பொருந்தாது.

எங்கே பயிரிடக் கூடாது?

இது எல்லாவற்றிலும் முக்கியமானது. காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்கள் மண்ணிலோ தண்ணீரிலோ இருந்தால் வல்லாரை அவற்றை உறிஞ்சித் தன் உடலில் சேர்த்துக்கொள்ளும். பார்வைக்கு இலை பசேலென்று இருக்கும். உள்ளே விஷம் இருக்கும்.

திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யலில் கலந்ததையும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கிக் கீழ்ப்பாசன நிலங்களைக் கெடுத்ததையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் நொய்யல் கரை விவசாயிகள் நேரில் கண்டவர்கள். அத்தகைய கழிவு ஊறிய நிலத்திலும் கிணற்றிலும் மண், நீர்ச் சோதனை செய்யாமல் வல்லாரை வைக்கக் கூடாது. நகரச் சாக்கடை கலக்கும் குளங்களின் கரையிலும், தொழிற்சாலைக் கழிவு ஓடும் பள்ளங்களின் ஓரத்திலும் தானாக முளைத்துச் செழித்திருக்கும் வல்லாரையைப் பறித்து விற்பதோ வீட்டில் சமைப்பதோ ஆபத்து. முகப்பூச்சுக் கம்பெனிகள் கன உலோகம், பூச்சிமருந்து எச்சம், நுண்கிருமிகள் ஆகிய மூன்றையும் சோதிக்கும். ஒன்றில் தவறினாலும் முழுச் சரக்கும் திரும்பி வரும்.

காட்டிலிருந்து பறித்துவந்து கலப்பதும் கூடாது. வனத்துறை அனுமதியின்றி மூலிகை எடுப்பது குற்றமாகும். தோட்டத்தில் பயிரிட்டதற்கு ஆதாரமாகக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பயிர்ப் பதிவு செய்து வைத்துக்கொள்வது பின்னர் உதவும்.

செடியை அடையாளம் காணுதல்

வல்லாரையையும் நீர்ப்பிரமியையும் வடநாட்டில் 'பிராமி' என்ற ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் இருப்பதால் வியாபாரத்தில் குழப்பம் ஏற்படுகிறது. வல்லாரை இலை சிறுநீரக வடிவில், ஓரத்தில் பற்கள் போன்ற வெட்டுகளுடன் இருக்கும். தரையோடு ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். நீர்ப்பிரமியின் இலை சிறியதாகவும், தடித்தும், வெட்டுகள் இன்றியும் இருக்கும். அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கும் சில செடிகளின் இலையும் வல்லாரைபோல் தோன்றும்; ஆனால் அவற்றில் காம்பு இலையின் நடுவில் பொருந்தி, குடை பிடித்ததுபோல் இருக்கும். வல்லாரையில் காம்பு இலையின் பிளவுபட்ட அடிப்பகுதியில் சேர்ந்திருக்கும்.

பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா திவ்யா, அர்கா பிரபாவி என்ற இரு வல்லாரை வகைகளை வெளியிட்டுள்ளது. வழியில் பிடுங்கிய கொடியை நடுவதைவிட, ஆராய்ச்சி நிலையங்களிலிருந்து பெயர் தெரிந்த வகையை வாங்கி நடுவது நல்லது. வாங்குபவர் முதலில் கேட்பது 'என்ன வகை?' என்பதையே.

5 சென்ட்டில் தொடக்கம்

முதல் ஆண்டில் 5 சென்ட்டுக்கு மேல் வைக்கவேண்டாம். பொள்ளாச்சி, ஆனைமலைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களும், பிற பகுதிகளில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் நடவுக்கு ஏற்றவை.

மரத்தைச் சுற்றி 6 அடி ஆரத்துக்கு இடம் விட்டு, நிலத்தை நன்றாகக் கொத்திக் களை எடுத்து, 4 அடி அகலத்தில் மேட்டுப்பாத்தி அமைக்கவேண்டும். 5 சென்ட்டுக்கு 200 முதல் 250 கிலோ நன்கு மக்கிய தொழு உரம் இடவேண்டும். பச்சைச் சாணமும், மக்காத கோழி எருவும் கூடாது. அவற்றிலுள்ள கிருமிகள் இலைக்கு வந்து சேரும்.

விதையைவிட ஓடுதண்டை நடுவதே எளிது. மூன்று அல்லது நான்கு கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி, ஓர் அடி இடைவெளியில் நடவேண்டும். நடைபாதை போக 5 சென்ட்டுக்கு ஏறத்தாழ 1,800 துண்டுகள் தேவைப்படும். கணு மண்ணுக்குள் இருக்கும்படி லேசாக அழுத்தி, உடனே தண்ணீர் விடவேண்டும். வேர் பிடிக்கும் வரை தினமும் சிறிதளவு நீர் தேவை. 15-ஆம் நாளில் காய்ந்த இடங்களில் மறு நடவு செய்யலாம். அதன்பின் மண் ஈரம் பார்த்து 3 அல்லது 4 நாளுக்கு ஒரு முறை பாய்ச்சினால் போதும். தண்ணீர் தேங்கி நின்றால் வேர் அழுகும்.

கொடி படர்ந்து பாத்தியை மூடும் வரை இரண்டு மூன்று முறை கைக்களை எடுக்கவேண்டும். களைக்கொல்லி கூடவே கூடாது. நத்தைகள் இலையைத் தின்றால், மாலையில் ஈரச் சாக்கைப் பாத்தியோரம் விரித்து வைத்து, காலையில் அதன் அடியில் பதுங்கியிருப்பவற்றைப் பொறுக்கி அழிக்கலாம். புழுக்களைக் கையால் பொறுக்கலாம். மிகுந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம், அதாவது 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கலாம்.

அறுவடையும் உலர்த்தலும்

நட்ட 90-ஆம் நாள் முதல் அறுவடை செய்யலாம். பிறகு இரண்டு, இரண்டரை மாதத்திற்கு ஒரு முறை வெட்டலாம். சரக்கு இலையில்தான் கூடுதலாக இருக்கிறது. வேரில் மிகக் குறைவு. ஆகவே வேரோடு பிடுங்காமல், இலையைக் காம்புடன் கூரிய கத்தியால் அறுத்து எடுக்கவேண்டும். மண் ஒட்டிய இலையை நல்ல தண்ணீரில் அலசி, நீர் வடியவிடவேண்டும்.

மக்காச்சோளத்தைத் தார்ச்சாலையில் காயவைப்பதுபோல் இதைக் காயவைக்கக் கூடாது. சாலையின் புழுதியும், வண்டி எண்ணெயும், ஆட்டுப் புழுக்கையும் இலையில் கலந்தால் சோதனையில் தெரிந்துவிடும். கடும் வெயிலில் இலையின் நிறமும் குணமும் கெடும். காற்றோட்டமுள்ள கொட்டகையில், தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வலை கட்டி, அதன் மேல் மெல்லிய அடுக்காகப் பரப்பி, தினம் இரண்டு முறை புரட்டிவிடவேண்டும். கையில் எடுத்துக் கசக்கினால் சரசரவென்று நொறுங்கவேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பத்தே நாளில் பூசணம் பிடிக்கும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழ் இருப்பது நல்லது. உரச் சாக்கில் மட்டும் கட்டவே கூடாது. புதிய சாக்கில் கட்டி, பலகையின் மேல் அடுக்கி, மூட்டையின் மேல் வகையின் பெயர், பாத்தி எண், அறுவடைத் தேதி ஆகியவற்றை எழுதி வைக்கவேண்டும்.

பச்சையாக விற்பதா, உலர்த்தி விற்பதா?

வல்லாரையில் பெரும்பகுதி தண்ணீர். 100 கிலோ பச்சை இலையை உலர்த்தினால் 12 முதல் 15 கிலோ வரையே கிடைக்கும். இந்த ஒரு கணக்கை மறந்ததால் நட்டப்பட்டவர்கள் உண்டு.

ஓர் உதாரணம் பார்ப்போம். கீரையாகக் கிலோ 20 ரூபாய்க்கு விற்க முடிகிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 கிலோவுக்கு 2,000 ரூபாய். அதே இலையை உலர்த்தினால் 13 கிலோ கிடைக்கிறது. அந்த 13 கிலோவிலும் 2,000 ரூபாய் வரவேண்டுமானால் கிலோவுக்கு ஏறத்தாழ 154 ரூபாய் கிடைக்கவேண்டும். அலசும் கூலி, உலர்த்தும் கூலி, கொட்டகைச் செலவு ஆகியவற்றை இதன்மேல் சேர்க்கவேண்டும். வியாபாரி உலர்ந்த இலைக்குக் கிலோ 100 ரூபாய் தருகிறேன் என்றால், பச்சை இலையின் 20 ரூபாயோடு ஒப்பிடும்போது அது பெரிய தொகையாகத் தோன்றும். கணக்குப் போட்டால் நட்டம். தங்கள் ஊரில் கீரைக்குக் கிடைக்கும் விலையைப் போட்டு ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கவேண்டும்.

வல்லாரைக்குள்ள பெரிய பலமும் இதில்தான் இருக்கிறது. முகப்பூச்சுக் கம்பெனி கைவிட்டாலும் உழவர் சந்தை கைவிடாது. கோவையிலும் பிற நகரங்களிலும் வல்லாரைக் கீரையைக் கேட்டு வாங்குவோர் உண்டு. ஈமுவுக்கு இப்படி ஒரு இரண்டாவது சந்தை இருக்கவில்லை. ஆகவே 5 சென்ட் வல்லாரையை முதலில் கீரைப் பயிராகவே எண்ணி நடவேண்டும். கீரை விற்று வரும் பணத்தில் செலவு கட்டுபடியாகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது அறுவடையில் கால் கிலோ இலையை முறைப்படி உலர்த்தி, ஆசியாட்டிகோசைடு அளவைச் சோதிக்கக் கொடுக்கவேண்டும். அந்த முடிவுத்தாள் கையில் இருந்தால் சாறு எடுக்கும் ஆலையிடமும், ஆயுர்வேத, சித்த மருந்து தயாரிப்பவர்களிடமும் விலை பேச முடியும். அளவு குறைவாக வந்தால் நட்டம் ஒன்றும் இல்லை. கீரையாகத் தொடரலாம், அல்லது வேறு வகையை ஒரு பாத்தியில் நட்டுப் பார்க்கலாம்.

ஆலைகள் டன் கணக்கில் கேட்கும். 5 சென்ட்காரர் தனியாக நின்று அதைக் கொடுக்க இயலாது. சோதனையில் நல்ல அளவு வந்தபின், ஒரே வகையை, ஒரே முறையில் பயிரிடும் பத்துப் பதினைந்து பேர் உழவர் உற்பத்தியாளர் குழுவாகச் சேர்ந்து விற்பதே வழி. குழுவில் ஒருவர் சாக்கடைத் தண்ணீரில் விளைந்த இலையைக் கலந்துவிட்டால் அத்தனை பேரின் சரக்கும் கெடும் என்பதையும் அனைவரும் உணர்ந்திருக்கவேண்டும்.

வீட்டிலேயே சோப்பும் முகப்பூச்சும்?

மகளிர் குழுக்கள் வல்லாரைச் சோப்பு, முகப்பூச்சு ஆகியவற்றைச் செய்து விற்க ஆர்வம் காட்டுகின்றன. விற்பனைக்காக இவற்றைத் தயாரிக்க 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருட்கள் விதிகளின்படி உரிமம் பெறவேண்டும். 'புண் ஆறும், தேமல் போகும்' என்று சொல்லி விற்றால் அது மருந்தாகிவிடும். அதற்குச் சட்டம் வேறு. மேலும், பச்சை இலையை அரைத்துத் திறந்த புண்ணில் அப்புவது நல்லதல்ல. மண்ணிலுள்ள கிருமி புண்ணுக்குள் போகும். சிலருக்குத் தோல் அரிப்பும் வரும். தொழிற்சாலையில் சுத்தமாகப் பிரித்தெடுத்த சாரம் வேறு, அம்மியில் அரைத்த இலை வேறு.

நடுவதற்கு முன்

வல்லாரை நட விரும்பும் விவசாயி ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளட்டும். என் தண்ணீரும் மண்ணும் சோதித்தவையா? நான் நடுவது என்ன வகை? கீரையாக வாங்குபவர் யார்? உலர்ந்த இலையாக வாங்குபவர் யார், எத்தனை சதவீதச் சரக்கு கேட்கிறார்? முதல் மூன்றுக்கும் பதில் இருந்தால் 5 சென்ட் வைக்கலாம். நான்காவதற்கும் எழுத்தில் பதில் கிடைத்த பிறகே ஏக்கரைப் பற்றி யோசிக்கவேண்டும்.

கொரிய விவசாயி ஜின்செங் கிழங்கை ஆறு ஆண்டுகள் பொறுத்திருந்து தோண்டுகிறார். வல்லாரைக்கு அவ்வளவு பொறுமை தேவையில்லை. ஓர் ஆண்டு, 5 சென்ட், ஒரு சோதனைத்தாள் ஆகியவை போதும்.

சாகுபடி விவரங்களுக்கும் நடவுப் பொருள் கிடைக்குமிடம் பற்றியும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மருந்து மற்றும் நறுமணப் பயிர்கள் துறையையோ, அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ, வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ அணுகிப் பயன் பெறலாம்.